காண்போர் கடன்: லுவாங் பிரபாங் நகரை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

பிறர் வழிபடும் இடத்திற்கு வழிபடும் நோக்கமின்றிச் செல்லும் ஒருவர் அவ்விடத்திற்கு எவ்வகையில் கடன்பட்டவர் என்னும் வினா, சுற்றுலா பெருந்தொழிலாக வளர்ந்துள்ள இக்காலத்தில் போதிய அளவு எழுப்பப்படவில்லை. நுழைவுச்சீட்டு வாங்கியவர், காலணியைக் கழற்றியவர், தோளும் முழங்காலும் மறைய உடுத்தியவர் தம் கடனைத் தீர்த்துவிட்டவராகவே கொள்ளப்படுகிறார். பயணக் கையேடுகள் அறிவுறுத்துவதும் இவ்வளவே. இவை நடத்தை விதிகள்; தேவையானவையும்கூட. ஆயின் விதிகள் அனைத்தையும் வழுவாது கடைப்பிடித்த ஒருவர், தாம் கண்ட இடத்திற்குத் தீங்கிழைத்துத் திரும்புதல் இயலும். விதி எதனையும் அறியாத ஒருவர் தீங்கின்றித் திரும்புதலும் இயலும். இது எவ்வாறு நேர்கிறது என்பதை, லாவோஸ் நாட்டின் பழைய அரச நகரமாகிய லுவாங் பிரபாங்கை முன்வைத்து ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

இந்தியாவில் இவ்வினா பெரும்பாலும் வாயிலிலேயே தீர்க்கப்பட்டுவிடுகிறது. புரி சகந்நாதர் கோயிலுள் இந்துக்கள் அல்லாதார்க்கு நுழைவு இல்லை. தமிழகக் கோயில்கள் பலவற்றில் கொடிமரத்திற்கு அப்பால் செல்லுதல் அவர்க்கு விலக்கப்பட்டுள்ளது. அம்மரபு தக்கதா தகாததா என்பது தனியே விவாதிக்கத்தக்கது. கதவு அடைக்கப்பட்ட இடத்தில் வெளியார்க்கு அறச்சிக்கல் எதுவும் எழுவதில்லை என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. தேரவாத பௌத்த நாடுகளின் விகாரங்களோ பெரும்பாலும் எவர்க்கும் திறந்திருக்கின்றன. திறந்த கதவு, பொறுப்பை வாயிற்காவலரிடமிருந்து எடுத்து வருபவரின் கையில் கொடுத்துவிடுகிறது.

லுவாங் பிரபாங், மீகாங் ஆறும் நாம் கான் ஆறும் கூடுமிடத்தில் தீபகற்பம் போல் நீண்டு கிடக்கும் சிறு நகரம். கி.பி. 1353-இல் ஃபா நும் நிறுவிய லான் சாங் அரசின் தலைநகராக இது விளங்கியது. லான் சாங் என்பதற்குப் பத்து இலட்சம் யானைகள் என்பது பொருள். 16-ஆம் நூற்றாண்டில் தலைநகர் வியன்தியானுக்கு மாறியது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லான் சாங் சிதைந்தபின் லுவாங் பிரபாங் தனியரசாயிற்று. 1893-இல் பிரெஞ்சுக்காரரின் பாதுகாப்பின்கீழ் வந்தபோதும் அரசர் குடும்பம் நீடித்தது. 1975 டிசம்பரில் முடியாட்சி ஒழிக்கப்பட்டது. 1995-இல் யுனெஸ்கோ நகரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இந்நகரில் 30-க்கும் மேற்பட்ட விகாரங்கள் உள்ளன. அவற்றில் இன்றும் பிக்குகளும் சாமணேரர்களும் வாழ்கின்றனர். அரண்மனையோ அருங்காட்சியகம் ஆகிவிட்டது. உயிரோடிருக்கும் சமயமும் உயிர்நீத்த முடியாட்சியும் ஒரே தெருவில் அடுத்தடுத்துக் காணக்கிடைப்பதே இந்நகரை இவ்வாய்வுக்கு உரியதாக்குகிறது. பயணி காலையில் ஒன்றையும் முற்பகலில் மற்றொன்றையும் பார்க்கிறார். இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கிறார் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

விடியற்காலைத் தெரு

நாள்தோறும் விடியும் வேளையில் விகாரங்களிலிருந்து துறவியர் வரிசையாகப் புறப்பட்டுத் தெருக்களில் நடக்கின்றனர். வெறுங்கால், தோளில் தொங்கும் மூடிய பாத்திரம், மூத்தோர் முன்னும் இளஞ்சாமணேரர் பின்னுமாகச் செல்லும் ஒழுங்கு. தெருவோரத்தில் பாய் விரித்து அமர்ந்திருக்கும் இல்லத்தார் மூங்கிற் கூடையிலிருந்து பசையரிசிச் சோற்றைச் சிறு உருண்டையாக எடுத்து ஒவ்வொரு பாத்திரத்திலும் இடுகின்றனர். பேச்சில்லை, நன்றி கூறுதலும் இல்லை. சில இடங்களில் ஏழைச் சிறார் கூடைகளுடன் அமர்ந்திருக்க, துறவியர் தாம் பெற்றதில் ஒரு பகுதியை அவர்க்கு இட்டுச் செல்வதும் உண்டு. லாவோ மொழியில் இதற்குத் தாக் பாத் என்று பெயர். பாத் என்பது தமிழில் பாத்திரம் என வழங்கும் அதே வடசொல்லின் வழிவந்தது.

பாத்திரம் என்றவுடன் தமிழ் பயின்றோர்க்கு மணிமேகலை நினைவுக்கு வருதல் இயல்பு. அமுதசுரபி கைக்கு வந்த பின்னரும் மணிமேகலை உடனே அறம் செய்யத் தொடங்கிவிடவில்லை. முதற் பிச்சையை யாரிடமிருந்து ஏற்பது என்பது அங்கு ஒரு கேள்வியாகிறது. காயசண்டிகை ஆதிரையின் இல்லத்தைச் சுட்டுகிறாள். ஆதிரை பிச்சையிட்ட பிறகே பாத்திரம் சுரக்கிறது. அள்ள அள்ளக் குறையாத தெய்விகப் பாத்திரத்திற்கும் தக்கார் ஒருவரின் கையால் ஒரு பிடி சோறு தேவைப்படுகிறது என்னும் இவ்வமைப்பு, பௌத்தம் ஈகையை எவ்வாறு காண்கிறது என்பதற்கு நல்ல சான்று. ஈகை என்பது பொருளின் இடமாற்றம் அன்று. ஈவோர், ஏற்போர், ஈயும் மனநிலை ஆகியவை கூடிய ஒரு நிகழ்வு அது. ஈவதற்கு முன் மகிழ்வும், ஈயும்போது தெளிவும், ஈந்தபின் நிறைவும் உடையவராயிருத்தலை ஈவோரின் இலக்கணமாகப் பாலி நூல்கள் கூறுகின்றன.

ஏற்றலும் செயலின்மை அன்று. சங்கத்திற்குத் தீங்கு செய்த இல்லறத்தார் ஒருவரிடமிருந்து பிச்சை ஏற்பதில்லை எனச் சங்கம் முடிவு செய்தல் வினய மரபில் பாத்திரத்தைக் கவிழ்த்தல் எனப்படும். பர்மாவில் 1990-இலும் 2007-இலும் துறவியர் இராணுவ ஆட்சியாளரின் பிச்சையை இவ்வாறு மறுத்தனர். ஆயுதம் ஏதுமற்ற அம்மறுப்பு ஆட்சியாளரைக் கலங்கச் செய்தது. மறுக்கும் உரிமை இருப்பதனால்தான் ஏற்றல் என்பதற்குப் பொருள் உண்டாகிறது.

இனி, லுவாங் பிரபாங்கின் முதன்மைத் தெருவில் சுற்றுலாப் பருவத்தில் நிகழ்வதை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம். சிற்றுந்துகள் வந்து நிற்கின்றன. வரிசையாகச் சிறு நாற்காலிகளும் முக்காலிகளும் இடப்பட்டிருக்கின்றன. வணிகர் விற்கும் சோற்றுக் கூடையை வாங்கிக்கொண்டு பயணியர் அமர்கின்றனர். சிலர் கழுத்தில், விற்போரே தந்த மேலாடையும் உண்டு. ஒருவர் சோறிட, அவருடன் வந்தவர் எதிரே வந்து படமெடுக்கிறார். வரிசை சற்று வேகமாகச் சென்றுவிட்டால் சிலர் எழுந்து ஓடி மீண்டும் முன்னே சென்று அமர்கின்றனர். ஒளிவிளக்கைப் பயன்படுத்த வேண்டா, குறுக்கே செல்ல வேண்டா, தொலைவில் நிற்க என்று விகாரங்களின் சுவர்களிலும் விடுதிகளிலும் அறிவிப்புகள் வைக்கப்பட்டுள்ளன. அறிவிப்பு வைக்கும் நிலை வந்தது என்பதே போதிய சான்றாகும்.

இங்கு நேரும் தீங்கு யாது? முறையற்ற உடை, உரத்த பேச்சு, ஒளிவிளக்கு ஆகியவை தொல்லைகள். அறிவிப்புப் பலகையால் திருத்தத்தக்கவை. உண்மையான தீங்கு நன்னடத்தையுடைய பயணியிடமும் இருக்கிறது. அவர் முறைப்படி உடுத்துகிறார், தாழ அமர்கிறார், துறவியைத் தொடாமல் சோறிடுகிறார். விதி எதனையும் மீறவில்லை. எனினும் அவர் இட்ட சோற்றுருண்டைக்குப் பின் அவர் தேடும் நிறைவு கருவியின் சிறு திரையில் இருக்கிறது: படம் நன்றாக வந்ததா? ஈந்தபின் நிறைவு என்று பாலி நூல்கள் கூறியதன் இடத்தில் இது வந்து அமர்ந்துகொள்கிறது. அவர் ஈயவில்லை, ஈதலைத் தம் பயணத்தின் ஓர் அனுபவமாக விலைக்கு வாங்கினார். துறவியோ வரிசையில் நடந்து செல்பவர். யார் எதற்காக இடுகிறார் என ஆராய்ந்து பாத்திரத்தைக் கவிழ்க்க அவருக்கு அங்கு வழியில்லை. மறுக்கும் உரிமை நடைமுறையில் இல்லாது போகும்போது ஏற்றல், முன்பிருந்த பொருளை இழந்துவிடுகிறது.

இதில் இன்னும் ஒன்று உண்டு. துறவியர்க்குரிய 75 சேகிய விதிகளுள், ஊருக்குள் செல்லும்போது கண்களைத் தாழ்த்திச் செல்லுதலும், பிச்சை ஏற்கும்போது பாத்திரத்தில் கருத்தைச் செலுத்துதலும் அடங்கும். பார்க்காமலிருத்தலை ஒழுக்கமாக மேற்கொண்டவரைப் பார்ப்பதற்கென்றே ஆயிரக்கணக்கான கல் தொலைவிலிருந்து வருகின்றனர் பிறர். திரும்பிப் பார்க்க மாட்டார் என்ற உறுதி, பார்ப்பவர்க்கு ஒரு துணிவைத் தருகிறது. எதிரிலிருப்பவர் தம்மைப் பார்க்கக்கூடும் என்ற எண்ணமே பொது இடங்களில் மனிதரை அடக்கத்துடன் இருக்கச் செய்கிறது. அவ்வெண்ணம் இங்கு இல்லை.

துறவு பூணும் ஒருவரைக் கூட்டம் சூழ்ந்து பார்த்தல் புதிதன்று. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில், புகார் நகரத் தெருவில் களிமகன், பித்தன், பேடி முதலியோரைச் சுற்றிநின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மக்கள், மணிமேகலை அவ்வழி வந்தவுடன் அவளைச் சூழ்ந்துகொள்கின்றனர். அக்கூட்டத்தின் கண்ணுக்கு அவளும் அன்றைய காட்சிகளுள் ஒன்று. அடுத்த காதையில் வரும் பளிக்கறை இதனினும் நுட்பமானது. உள்ளிருப்பவரின் உருவத்தை அது வெளியே காட்டும். குரலை வெளியே விடாது. உதயகுமரன் அவ்வறைக்கு வெளியே நின்று காண்கிறான். உருவம் தெரிந்து குரல் கேளாத நிலை என்பது, கருவியின் வில்லை வழியே துறவியைக் காணும் பயணியின் நிலைக்கு மிக நெருங்கியது.

கருவி குற்றமுடையதா?

இவ்வளவிலிருந்து படமெடுத்தலே பாவம் என்ற முடிவுக்கு விரைதல் பொருந்தாது. லுவாங் பிரபாங்கின் வரலாறே அம்முடிவைத் தடுத்து நிற்கிறது. வாட் சேன் விகாரத்தின் தலைவராக விளங்கிய பா காம்சான் விரசித்தர் (1920–2007) தம் வாழ்நாள் முழுவதும் நிழற்படங்களைச் சேர்த்து வைத்திருந்தார். அவருடைய விகாரத்திலும் நகரின் பிற விகாரங்களிலும் பாதுகாக்கப்பட்டிருந்த 35,000-க்கும் மேற்பட்ட படங்கள் பின்னர்த் தொகுக்கப்பட்டு ஓர் ஆவணக் காப்பகமாக அமைக்கப்பட்டன. அவற்றுள் பழையவை 1890 அளவில் எடுக்கப்பட்டவை. துறவியர் எடுத்தவை, துறவியர்க்காக எடுக்கப்பட்டவை எனப் பல அவற்றுள் உள்ளன. விகாரத்திற்குக் கருவி அயலானதன்று.

எனின் வேறுபாடு யாது? துறவியரின் படங்களில் இருப்போர்க்குப் பெயர் உண்டு. இவர் இன்னாருடைய மாணவர், இது இன்ன சடங்கு என்னும் உறவு உண்டு. படம் எடுக்கப்பட்ட இடத்திலேயே அது காக்கப்படுகிறது. பயணியின் படத்தில் இருப்பவர் பெயரற்றவர், காவியுடுத்த ஒருவர். அப்படம் நகரை விட்டு வெளியேறிவிடுகிறது. யாருடையதோ அவர் அதனை ஒருபோதும் காண்பதில்லை. பிறரை வெறும் கருவியாகக் கொள்ளாதிருத்தலே அறத்தின் அடிப்படை எனக் காண்ட் கூறியதை இவ்விடத்தில் பலரும் மேற்கோள் காட்டுவர். பௌத்தத்தின் விடை இதனினும் எளிமையானது எனலாம்: எண்ணமே வினை. ஒரே கருவியை இயக்கும் இரு விரல்கள் இரு வேறு வினைகளைச் செய்ய இயலும்.

சுற்றுலாவின் சார்பாகக் கூறப்படும் வாதங்களைப் புறந்தள்ளுதலும் நேர்மையாகாது. வறிய நாடாகிய லாவோஸுக்கு அயல்நாட்டுப் பணம் தேவை. விகாரங்கள் பலவற்றின் கூரைகளும் சுவரோவியங்களும் செப்பனிடப்பட்டதில் உலக மரபுத் தகுதிக்குப் பங்குண்டு. இளந்துறவியர்க்கு மரச்செதுக்கும் பொற்பூச்சும் கற்பிக்கும் பயிற்சி யுனெஸ்கோவின் துணையுடன் நடைபெற்றது. நாடு திறக்கப்படாதிருந்தால் சமயம் தூய்மையாக இருந்திருக்கும் என்பதும் கற்பனையே. 1975-க்குப் பிந்தைய முதலாண்டுகளில் புதிய ஆட்சி துறவியர்க்குப் பிச்சையிடுதலைத் தடுக்க முனைந்தது. துறவியர் தம் உணவைத் தாமே விளைவித்துக்கொள்ள வேண்டும் என்றது. மக்கள் விரும்பாமையால் அத்தடை தளர்ந்தது. சோற்றுக் கூடையைக் கைவிட மறுத்த இல்லத்தரசிகளால்தான் இன்றும் தாக் பாத் காணக்கிடைக்கிறது.

அவ்வில்லத்தரசிகள் எங்கே என்பது அடுத்த வினா. மரபுப் பகுதியிலுள்ள வீடுகளை விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் விற்றோ வாடகைக்கு விட்டோ பல குடும்பங்கள் நகரின் புறப்பகுதிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. அவர்களைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. நல்ல விலை கிடைக்கும்போது பழைய மரவீட்டில் இடர்ப்பட்டு வாழ வேண்டுமென எதிர்பார்ப்பது, மரபைக் காக்கும் செலவைப் பிறர் தலையில் சுமத்துவதாகும். ஆயினும் விகாரம் என்பது கட்டடம் மட்டுமன்று. நாளும் அதற்குச் சோறிடும் அண்டைக் குடும்பங்களும், அக்குடும்பங்களிலிருந்து சாமணேரராக வரும் சிறுவரும் சேர்ந்ததே விகாரம். அண்டை வீடு விடுதியாகும்போது, சோறிடும் இடத்தில் விடுதியில் தங்கியவர் அமர்கிறார். அவர் இரண்டு நாளில் சென்றுவிடுவார், அடுத்தவர் வருவார். 2021 டிசம்பரில் சீன எல்லையிலிருந்து வியன்தியான் வரை செல்லும் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. முன்னர் ஏறத்தாழ ஒரு பகல் எடுத்த மலைவழிப் பயணம், வியன்தியானிலிருந்து இரண்டு மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. இனி இரண்டு நாளும் தேவையில்லை.

பயணி என்னதான் செய்ய வேண்டும்? வராதிருத்தல் ஒரு விடை. அது உலகைக் காணும் வேட்கையையே குற்றமாக்கிவிடும். வந்து, உண்மையான பக்தியுடன் சோறிடுதல் மற்றொரு விடை. பக்தி இல்லாதவர் அதனை வரவழைத்துக்கொள்ள இயலாது. பௌத்த மரபிலேயே மூன்றாவது விடை ஒன்று இருக்கிறது. பிறர் செய்யும் நல்வினையைக் கண்டு மகிழ்தல், அதாவது அனுமோதனை, நல்வினைகளின் பட்டியலில் தனியொன்றாக வைத்து எண்ணப்படுகிறது. ஈவோர்க்கும் ஏற்போர்க்கும் அப்பால், கண்டு மகிழ்வோர்க்கும் இம்மரபு ஓர் இடத்தை ஒதுக்கியிருக்கிறது. சோறிடாமல், வரிசைக்குள் நுழையாமல், தெருவின் எதிர்ப்புறத்தில் நின்று, இன்னும் சிலர் நாள்தோறும் இதனைச் செய்கின்றனர் என்று மகிழ்ந்து திரும்புபவர் இம்மரபின்படி வெளியாள் அல்லர். பயணிக்கு இடம் இல்லை என்பதன்று சிக்கல். அவர்க்குரிய இடம் தெருவின் எதிர்ப்புறத்தில் இருக்க, அவர் பாயின்மேல் வந்து அமர்கிறார்.

இக்கருத்தை இந்தியப் பயணி ஏற்றல் சற்றுக் கடினம். கோயிலுக்குச் சென்று வந்தவரைச் சாமி பார்த்தாயிற்றா என்று கேட்பது இந்நாட்டு வழக்கு. காட்சியே வழிபாடு, நெருங்கிப் பார்த்தலே பேறு. கருவறைக்கு எவ்வளவு அருகில் நிற்க முடிந்தது என்பது பெருமைக்குரிய செய்தியாகப் பேசப்படுவதும் உண்டு. இப்பழக்கத்தோடு சென்றவர் நெருங்குதலை மரியாதைக் குறைவாக உணர்வதில்லை; அதனையே மரியாதையாக உணர்கிறார்.

அரண்மனையில்

முற்பகலில் அதே பயணி அரண்மனைக்குச் செல்கிறார். மீகாங் ஆற்றின் கரையில், படகிலிருந்து இறங்கும் விருந்தினர் நேரே உள்ளே வரத்தக்கவாறு 1904-இல் கட்டத் தொடங்கப்பட்ட கட்டடம் இது. பிரெஞ்சுக் கட்டடக்கலையும் லாவோ மரபும் கலந்தது. முகப்பில் அரச சின்னமாகிய மூன்றுதலை யானை. அரியணை மண்டபத்தின் சிவந்த சுவர்களில் வண்ணக் கண்ணாடித் துண்டுகளாலான உருவங்கள் மின்னுகின்றன. அயல்நாடுகள் அளித்த பரிசுகளுள் அமெரிக்கா கொடுத்த நிலவுக்கல் துணுக்கும் உண்டு. படமெடுக்க இங்கு அனுமதி இல்லை. காலணியும் பையும் வெளியே வைக்கப்பட வேண்டும். வெறுங்காலுடன், கருவியின்றி, பயணியர் அறை அறையாக நடக்கின்றனர். நடத்தையைப் பொறுத்தவரை இங்கு எக்குறையும் இல்லை. பெரும்பாலோர் விரைவில் வெளியே வந்துவிடுகின்றனர்.

பின்பகுதியில் அரசரின் படுக்கையறை இருக்கிறது. அரசர் குடும்பம் விட்டுச் சென்ற நிலையிலேயே காக்கப்பட்டதாகக் காட்டப்படும் அவ்வறை பலரையும் வியப்பில் ஆழ்த்துகிறது. இவ்வளவு எளிமையா என்பதே அவ்வியப்பு. பெரிய கட்டில், மேசை, வெறுமையான சுவர்கள். எளிமையைக் கண்டு வியந்தவர் அடுத்த அறைக்குச் செல்கிறார். இங்கு வாழ்ந்தவர் எங்கே சென்றார் என்ற வினா அவ்வறையில் எழுவதற்கு வழி இல்லை; சீட்டுகளும் அதனைக் கூறுவதில்லை. 1959 முதல் ஆட்சி செய்த அரசர் சவாங் வத்தனா 1975 டிசம்பரில் முடிதுறந்தார். புதிய அரசு அவரைக் குடியரசுத் தலைவரின் ஆலோசகர் எனப் பெயரளவில் அமர்த்தியது. 1977-இல் அவரும் குடும்பத்தாரும் நாட்டின் வடகிழக்கு மலைப்பகுதியிலிருந்த மறுகல்வி முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர் திரும்பவில்லை. இறந்த ஆண்டு குறித்த செய்திகளே ஒன்றோடொன்று முரண்படுகின்றன.

மணிமேகலை சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். அரசனிடம் வேண்டிப் பெற்ற அம்மாற்றத்தில், கட்டடத்தோடு அதனுள் இருந்தோரின் வாழ்வும் மாறியது. இங்கு அரண்மனை காட்சிக்கூடமாகியது. அதனுள் இருந்தோர் சிறைக்குச் சென்றனர். முடியாட்சி நல்லதென்று கூறுதல் இதன் கருத்தன்று. அம்முடியாட்சியின் அரசு, நாட்டின்மேல் குண்டுமழை பொழிந்த ஒரு போரில் ஒரு தரப்பில் நின்றது. அதனை வெறுக்க மக்களுக்குக் காரணங்கள் இருந்தன. எனினும் ஒரு மனிதரின் கட்டிலைப் பார்ப்பதற்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு அவருடைய முடிவைக் கூறாதிருத்தல், பார்ப்பவரையும் அம்மௌனத்தில் பங்குகொள்ளச் செய்கிறது. அரசின் மௌனம் அரசரெல்லாரையும் பற்றியதன்று என்பதும் நோக்கத்தக்கது. 2003-இல் வியன்தியானில் ஃபா நுமுக்குச் சிலை எழுப்பப்பட்டது. 650 ஆண்டுத் தொலைவிலிருக்கும் அரசர் பெருமைக்கு உதவுகிறார்.

காலையில் விலகி நிற்க வேண்டிய இடத்தில் நெருங்கிச் சென்ற பயணி, இங்கு நின்று நோக்க வேண்டிய இடத்தில் விலகிச் செல்கிறார். அங்கு அவர் பார்வை மிகுதி; இங்கு குறைவு. உயிருள்ள ஒழுக்கத்திற்கு இடைவெளியும் உயிர்நீத்த வாழ்வுக்குக் கவனமும் கொடுத்தல் காண்போரின் கடன் எனின், சுற்றுலா இவ்விரண்டையும் இடம் மாற்றி வைத்துவிட்டது. இதற்குப் பயணி மட்டும் பொறுப்பல்லர். விடியற்காலைத் தெரு அழகிய படங்களைத் தருகிறது. வெறுமையான படுக்கையறை எதனையும் தருவதில்லை.

எனின் பயணி வழிகாட்டியிடம் அரசரின் முடிவைப் பற்றி வற்புறுத்திக் கேட்கலாமா? கேட்டல் துணிவு போலத் தோன்றும். அத்துணிவு பயணிக்கு எந்தச் செலவும் வைப்பதில்லை. அவர் மறுநாள் வேறு நாட்டில் இருப்பார். ஒரே கட்சி ஆளும் நாட்டில் வாழும் வழிகாட்டியே அவ்வினாவின் விலையைக் கொடுப்பவர். அவர் புன்னகைத்துப் பேச்சை மாற்றினால், அதனை அறியாமை என்றோ அச்சம் என்றோ பயணி முடிவுகட்டுவது மேலும் ஒரு பிழை. கவனம் என்னும் கடனைத் தீர்க்கும் இடம் அரண்மனை அன்று. பயணத்திற்கு முன் படித்த நூல்களும் பின் படிக்கும் நூல்களுமே அதற்குரியவை. பிறர் சொல்ல இயலாததைத் தாமே அறிந்துகொண்டு அவர்முன் அமைதியாக இருத்தலும் மரியாதையே.

அரண்மனை வளாகத்திலேயே, தனி மண்டபத்தில், நகருக்குப் பெயர் தந்த பிரபாங் திருவுருவம் இருக்கிறது. 83 செ.மீ. உயரமுள்ள நின்ற கோலப் புத்தர். இலங்கையில் வார்க்கப்பட்டதென்பது மரபுவழிக் கதை. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் சயாமியர் இருமுறை கவர்ந்து சென்று இருமுறை திருப்பித் தந்தனர். வியன்தியானிலிருந்து அவர்கள் 1779-இல் எடுத்துச் சென்ற மரகதப் புத்தரோ திரும்பவில்லை. பாங்காக் அரண்மனைக் கோயிலில் அதனைக் காணக் கூட்டம் அலைமோத, வியன்தியானில் அதற்கெனக் கட்டப்பட்ட ஹோ பா கேவ் இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. இரு நகரங்களையும் ஒரே பயணத்தில் காண்போர் பலர். பிரபாங் திருவுருவம் மட்டும் ஆண்டுதோறும் ஏப்ரல் நடுவில் வரும் புத்தாண்டின்போது வாட் மாய் விகாரத்திற்கு எழுந்தருளுகிறது; மக்கள் நறுமண நீரால் அதனை நீராட்டுகின்றனர். அவ்வேளையில் அது அருங்காட்சிப் பொருள் அன்று.

நகரின் வடமுனையில், 1560 அளவில் சேத்தாத்திராத் அரசர் கட்டிய வாட் சியெங் தோங் விகாரம் உள்ளது. தாழ்ந்து இறங்கும் அடுக்குக் கூரைக்கும், பின்சுவரில் வண்ணக் கண்ணாடியால் அமைந்த மரத்திற்கும் பெயர்பெற்றது. பயணியர் அம்மரத்தின் முன் நெடுநேரம் நிற்கின்றனர், நிற்கத் தக்கதே. எதிரே வாயிலருகில் பொன்பூசிய செதுக்குக் கதவுகளுடன் ஒரு கூடம் இருக்கிறது. அதனுள், நாகங்கள் தலைதூக்கிய முகப்புடன், அரச குடும்பத்தின் ஈமத்தேர் நிறுத்தப்பட்டுள்ளது. 1959-இல் இறந்த அரசர் சிசவாங் வோங்கின் உடல் 1961-இல் அத்தேரில் கொண்டு செல்லப்பட்டது; அதன்பின் தேருக்கென இக்கூடம் எழுப்பப்பட்டது. அவருடைய மகன் சவாங் வத்தனாவுக்காக அத்தேர் வெளியே எடுக்கப்படவில்லை.